எள்ளளவுச் சான்று

அஞ்சற்பெட்டியில் மடல் ஒன்றை இட்டவர், அஃது உரியவர் கையில் சேர்ந்துவிட்டதாகவே எண்ணி வீடு திரும்புகிறார். பெட்டிக்குள் அது விழுந்த ஓசை ஒன்றே அவருக்குக் கிடைத்த சான்று. மடல் எந்த ஊருக்குப் போயிற்று, எவர் வீட்டு வாயிலை அடைந்தது, உரியவர் பிரித்துப் படித்தாரா என்பனவெல்லாம் அவர் கண்ணுக்கு எட்டாதவை. மருந்து உண்போர் நிலையும் இத்தகையதே. மாத்திரை தொண்டையைக் கடந்தவுடன் மனம் அமைதி கொள்கிறது. ஆயின், வாயில் இட்டது நோயுள்ள இடத்தைப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தபின், பற்ற வேண்டியதைப் பற்றிற்றா? பற்றியபின், செய்ய வேண்டியதைச் செய்ததா? இம்மூன்று வினாக்களுக்கும் விடையைக் குடலின் உட்சுவரிலிருந்து கிள்ளி எடுத்த எள்ளளவு சதையில் தேடும் முயற்சி, இன்றைய மருத்துவ ஆய்வில் தனித்ததொரு துறையாக வளர்ந்துள்ளது.

வகுப்பறையில் காலங்கழித்தோர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. மாணவன் பள்ளிக்கு வந்தான் என்பதற்கு வருகைப் பதிவேடு சான்று. பாடம் நடத்தப்பட்டது என்பதற்கு ஆசிரியரின் பாடக்குறிப்பு சான்று. பாடம் அவன் உள்ளத்தில் வேர் பிடித்தது என்பதற்கோ இவ்விரண்டும் சான்றாகா. அதனை அறிய அவனையே வினவ வேண்டும். எழுதச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனப்பாடத்தையும் தெளிவையும் பிரித்தறிய வேண்டும். மருந்தின் கதையும் இவ்வழியே நடக்கிறது. உண்ட அளவு பதிவேட்டில் இருக்கும். குருதியில் கலந்த அளவையும் ஊசியேற்றி எடுத்து அளந்துவிடலாம். ஆனால் குருதியில் உள்ள அளவு தெருவில் செல்லும் அஞ்சற்காரரைக் கண்டதற்கு ஒப்பானதே. மடல் வீடு சேர்ந்ததற்கு அது முழுச் சான்று ஆகாது.

இவ்வினாக்களைக் கேளாது விட்டால் நேரும் இழப்புச் சிறிதன்று. பெரியதொரு மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நோயாளிகளிடம் மருந்தின் பயனை முதன்முதலாகச் சோதிக்கும் இரண்டாம் கட்டத்தை எட்டிய தம் 44 முயற்சிகளைத் திரும்பிப் பார்த்து, 2012ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பல முயற்சிகள் பயன் தரவில்லை. அதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. நூற்றுக்கு 43 என்னும் அளவில், கருத்தே பிழையா, அல்லது மருந்து உரிய இடத்தைச் சென்று சேரவில்லையா என்று தீர்மானிக்க அவர்களால் இயலவில்லை. தோல்வி ஒரு பாடமாக அமைய வேண்டுமானால், எதனால் தோற்றோம் என்பது தெரிய வேண்டும் அன்றோ? தெரியாத தோல்வியில் ஆண்டுகளும் பொருளும் வீணாவதோடு, உடலைக் கொடுத்து உதவியோரின் ஈகையும் வீணாகிறது.

இத்துறையின் அருமையை உணர ஒரே நோயின் வரலாறு போதும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. ரொட்டி சானாய் வீசுவோர் கையில் மாவு கிழியாமல் துணிபோல் விரிவதற்குக் காரணம் இப்புரதமே. பெரும்பாலோர்க்கு இஃது உணவு. சிலர்க்கோ, அவர்தம் உடலின் காவற்படையே இதனைக் கண்டு சினந்து, சிறுகுடலைத் தாக்கத் தொடங்குகிறது. இதனைச் சீலியாக் நோய் என்பர். ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இந்நோய் காணப்படுகிறது. சிறுகுடலின் உட்பரப்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விரல்கள் அடர்ந்துள்ளன. உணவின் சத்தினை உறிஞ்சுவன இவையே. இந்நோயில் அவ்விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்டும் உடல் தேறாத நிலை அதனால் உண்டாகிறது. குழந்தைகள் வயிறு உப்பி, கைகால் மெலிந்து, வளர்ச்சி குன்றிப் போவர்.

இதற்குக் கோதுமையே காரணம் என்று கண்டறிந்தவர் வில்லெம் காரெல் டிக்கே என்னும் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்கு இவ்வையம் எழுந்தது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், போரின் விளைவாக அந்நாட்டில் கொடும்பஞ்சம் தலைவிரித்தாடியது. ரொட்டி அரிதாயிற்று. போருக்குப் பின் ஆய்வைத் தொடர்ந்த அவர், கோதுமையை நீக்கினால் நோயுற்ற குழந்தைகள் தேறுவதையும், மீண்டும் கொடுத்தால் நலிவதையும் விளக்கி 1950ஆம் ஆண்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை அளித்தார். ஆயினும், குடலுக்குள் நிகழ்வதை உயிருள்ளோரிடம் அவரால் நேரிற் காண இயலவில்லை. எடையும் மலமும் பேசிய மொழியைக் கொண்டே அவர் உண்மையை உய்த்துணர்ந்தார்.

அந்த மூடிய அறைக்குள் சாளரம் ஒன்று அடுத்த சில ஆண்டுகளில் திறந்தது. 1956ஆம் ஆண்டில் மார்கோ ஷைனர் என்னும் பெண் மருத்துவர், வாய்வழியே குழாயைச் செலுத்திச் சிறுகுடலின் திசுவை எடுக்கும் முறையை வெளியிட்டார். 1957இல் வில்லியம் கிராஸ்பியின் உலோகக் குமிழ் வந்தது. நீண்ட மெல்லிய குழாயின் நுனியில் பொருத்தப்பட்ட அக்குமிழை நோயாளி விழுங்குவார். அது குடலைச் சென்றடையும் வரையில் மணிக்கணக்காகக் காத்திருப்பார். பின்னர்க் குழாயின் வழியே காற்றை உறிஞ்சினால், குடற்சுவரின் மேற்றோல் குமிழின் சிறு துளைக்குள் இழுபடும். உள்ளிருக்கும் கத்தி அதனைத் துண்டிக்கும். அதே 1957ஆம் ஆண்டில், ஒளியிழைகளால் ஆன வளையும் நோக்குக் குழாயைப் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் உருவாக்கி, முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். இன்று எண்டாஸ்கோப் எனப்படும் கருவியின் முன்னோடி அதுவே. இப்போது மருத்துவர் திரையில் குடலைக் கண்டவாறே, இடுக்கி கொண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளைக் கிள்ளி எடுக்கிறார். பயாப்சி என்று மக்கள் வழங்கும் சொல்லின் பொருள் இதுவே.

திசுவைக் காண வழி பிறந்தபின், குற்றவாளியின் துணைவனைத் தேடும் வேட்டை நடந்தது. 1997ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள், இந்நோயில் உடலின் காவற்படை குறிவைப்பது டிரான்ஸ்குளுட்டாமினேஸ் 2 என்னும் நொதியை என்று கண்டனர். இந்நொதி காயம் ஆற்றுதல் முதலிய நற்பணிகளில் ஈடுபடுவது, பிறவியிலேயே பகையன்று. ஆயினும், முழுதும் செரிக்காத குளூட்டனின் துண்டுகள் எதிர்ப்படும்போது, அவற்றின் வேதியியல் அமைப்பில் சிறியதொரு மாற்றத்தைச் செய்துவிடுகிறது. அம்மாற்றத்தால் அத்துண்டுகள் காவற்படையின் கண்ணில் பன்மடங்கு பகையாகத் தோன்றுகின்றன. வழிப்போக்கன் ஒருவனுக்குப் பகைவனின் சீருடையை அணிவித்து அனுப்பினாற்போன்ற செயல் அது. அவ்வாறாயின், சீருடை அணிவிக்கும் கையைக் கட்டிவிட்டால் போர் மூளாதிருக்குமே என்னும் எண்ணம் எழுந்தது. அவ்வெண்ணத்தின் விளைவே இசட்.இ.டி. 1227 என்று குறியெண் இடப்பட்ட மருந்து. நொதியின் செயல்மையத்தில் சென்று ஒட்டிக்கொண்டு, அதனைச் செயலறச் செய்வது அதன் பணி.

இம்மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயை உணவுக் கட்டுப்பாட்டால் அடக்கி வைத்திருந்த 163 பேர் அதில் பங்குகொண்டனர். 41 பேர்க்கு நாள்தோறும் 10 மில்லிகிராம், 41 பேர்க்கு 50, மேலும் 41 பேர்க்கு 100 என மருந்து வழங்கப்பட்டது. எஞ்சிய 40 பேர்க்கு மருந்தற்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கொடுப்பவரும் அறியார், பெறுபவரும் அறியார். அதனோடு, ஆறு வாரங்கள் அனைவரும் நாளொன்றுக்கு 3 கிராம் குளூட்டன் உண்ண வேண்டும். ஒரு துண்டு ரொட்டியில் அடங்கும் அளவே அது. ஆயினும், அவர்களைப் பொறுத்தவரை அது தெரிந்தே உட்கொள்ளும் நஞ்சு. ஒவ்வோர் உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தையும் படித்துப் படித்து விலக்கி வந்த ஒன்றை, அவர்கள் தம் கையாலேயே எடுத்து உண்டனர். சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் குடலின் திசுவைக் கிள்ளி எடுக்கவும் இசைந்தனர்.

அத்திசுவில் அளந்தது என்ன? நுண்விரலின் உயரத்தையும், அதன் அடியில் உள்ள குழியின் ஆழத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தனர். விரல் ஓங்கி, குழி ஆழமின்றி இருப்பின் விகிதம் பெரிது; குடல் நலமாக உள்ளது. விரல் தேய்ந்து, குழி ஆழ்ந்தால் விகிதம் சுருங்கும். இவ்வாறு அளவிடத் தகுந்த திசு 142 பேரிடமிருந்து கிடைத்தது. வெற்று மாத்திரை உண்டோரின் விகிதம் குறைந்தது. குளூட்டன் தன் வேலையைக் காட்டிற்று. அவர்களோடு ஒப்பிட, மருந்து உண்டோரின் நிலை மூன்று அளவுகளிலும் முறையே 0.44, 0.49, 0.48 என்னும் வேறுபாட்டில் மேம்பட்டிருந்தது. புள்ளிக்குப் பின் வரும் எண்கள்தாமே என்று எவரும் எள்ளற்க. நலமான குடலில் இவ்விகிதம் இரண்டு மூன்று என்னும் அளவில் நிற்பது. ஆகவே, ஆறே வாரங்களில் அரை அளவு இழப்பைத் தடுத்தல் பொருளுடைய செய்தியே.

மருந்து பயன் தந்தது என்பது தெரிந்துவிட்டது. எனினும், எந்த இடத்தில் நின்று அது பணி செய்தது? இவ்வினாவை எடுத்துக்கொண்டவர்கள் பின்லாந்து நாட்டின் தாம்பரே நகர ஆய்வாளர்கள். அச்சோதனையில் எடுத்த திசுத் துணுக்குகளையே அவர்கள் மீண்டும் ஆராய்ந்து, 2023ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட கருவி ஓர் எதிர்ப்பொருள். பூட்டில் சாவி நுழைந்திருந்தால் மட்டும் கொடி காட்டும் காவலனைப் போன்றது அது. அதாவது, நொதியின் செயல்மையத்தில் மருந்து பற்றிக்கொண்டுள்ள நிலையைக் கண்டால் அது அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனைக் கொண்டு அவ்விடத்தை நுண்ணோக்கியில் அடையாளம் காணலாம். இவ்வுத்தியின் அருமை எளிதில் விளங்காது. உண்ட மருந்தின் எச்சம் குடலின் மேற்புறத்தில் வெறுமனே ஒட்டிக் கிடக்கலாம். துணுக்கு முழுவதையும் அரைத்து, அதில் எவ்வளவு மருந்து உள்ளது என்று அளப்போர், வாசலில் நிற்பவனையும் வீட்டினுள் வந்தவனாக எண்ணிவிடுவர். இந்த எதிர்ப்பொருளோ அத்தகைய மயக்கத்திற்கு இடந்தராதது.

கண்ட முடிவு வியப்பூட்டியது. இந்நொதி பெரும்பாலும் குடற்சுவரின் மேலடுக்கிற்குக் கீழே உள்ள இணைப்புத் திசுவில்தான் செயற்படுகிறது என்று நெடுங்காலமாகக் கருதி வந்தனர். ஆனால் மருந்தும் நொதியும் இணைந்த அடையாளம், நுண்விரல்களைப் போர்த்தியுள்ள மேலணுக்களிலேயே மிகுதியாகத் தெரிந்தது. அதிலும், உணவு வந்து உராயும் வெளிவிளிம்பில் அது மிகவும் அழுத்தமாக இருந்தது. கீழடுக்கில் கண்டதோ, மேலணுக்களில் கண்டதில் ஐந்தில் ஒரு பங்கே. பகைவன் வீட்டிற்குள் புகுந்தபின் கூடத்தில் பிடிக்கப்படுகிறான் என்று நினைத்திருக்க, அவன் வாயிற்படியிலேயே மறிக்கப்படுவது தெரிய வந்தது. மருந்தின் பயனை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. மருந்தைத் தேடிப் போனவர்கள் நோயைப் பற்றியே புதியதொரு பாடம் கற்றனர்.

இத்தகைய அளவீட்டில் கை தவறினால் கண்ணும் தவறும். கிள்ளிய துணுக்கைச் சாய்வாக நறுக்கினால், ஓங்கிய விரலும் குட்டையாகத் தோன்றும். நோய் இல்லாத இடத்தில் நோய் காணப்படும். நோய் குடலின் ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் இருக்கக்கூடும் என்பதால், ஒரே துணுக்கை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. எடுத்த திசுவை உடனே பதப்படுத்தாவிடில், அதன் நுண்பொருள்கள் சிதையத் தொடங்கும். எது எவருடைய திசு என்பதை அளப்பவர் அறிந்திருந்தால், அவரது விருப்பமே அவர் கண்ணை ஏமாற்றிவிடும். விடைத்தாளில் மாணவனின் பெயரை மறைத்துத் திருத்தும் வழக்கம் எதற்காக ஏற்பட்டதோ, அதே காரணத்திற்காகத்தான் இங்கும் பெயர்கள் மறைக்கப்படுகின்றன.

மருந்து கொடுத்த பின்னர் மட்டுமின்றி, கொடுக்கும் முன்னரும் திசுவை வினவலாம். இதற்குக் குடலைத் தாக்கும் மற்றொரு நோயான குரோன் நோயில் எடுத்துக்காட்டு உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள், அடாலிமுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்தில் ஒளிரும் சாயத்தை இணைத்து, 25 நோயாளிகளின் குடற்சுவரில் தெளித்து, எண்டாஸ்கோப்பின் வழியே நுண்ணோக்கியால் பார்த்தனர். மருந்து பற்றவல்ல அணுக்கள் ஒளிர்ந்தன. அவ்வாறு ஒளிர்ந்த அணுக்கள் மிகுந்திருந்தோர்க்குப் பின்னர் அச்சிகிச்சை அளிக்கப்பட்டபோது, 12ஆம் வாரத்தில் நூற்றுக்கு 92 என்னும் அளவில் பயன் கிட்டியது; குறைந்திருந்தோர்க்கு நூற்றுக்கு 15 மட்டுமே. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு சிறியது. ஆயினும் அது காட்டிய வழி பெரிது. மடலைப் பெற அவ்வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்தபின் அனுப்பும் முறை அது.

இனி, தாம்பரே ஆய்வின் ஒரு சிறு வரியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மருந்து உண்பதற்கு முன் எடுத்த திசுவிலும், வெற்று மாத்திரை உண்டோர் திசுவிலும் மருந்தின் அடையாளம் காணப்படவில்லை என்பதே அவ்வரி. மேலோட்டமாகப் படிப்போர் இதனைத் தாண்டிச் சென்றுவிடுவர். மருந்து உண்ணாதவரிடம் மருந்து இராது என்பது சொல்லியா தெரிய வேண்டும்? ஆனால் ஆய்வு முழுவதும் அவ்வரியின் மேல்தான் நிற்கிறது. மருந்தில்லாத திசுவிலும் அவ்வெதிர்ப்பொருள் கொடி காட்டியிருந்தால், மருந்துள்ள திசுவில் அது காட்டிய கொடியை எவர் நம்புவர்? ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று உரைத்ததனால்தான், உள்ள இடத்தில் உள்ளது என்று அது கூறியது மெய்யாயிற்று.

அந்த ‘ஒன்றுமில்லை’ என்னும் சொல்லுக்குக் கொடுத்த விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வெற்று மாத்திரை பெற்றோரும் மற்றவரைப் போலவே ஆறு வாரங்கள் குளூட்டன் உண்டனர். அவர்களைக் காக்க மருந்து இல்லை. நுண்விரல்கள் தேய்ந்தன. தமக்குக் கிடைத்தது மருந்தா வெறும் மாத்திரையா என்றுகூட அறியாமல், மருத்துவமனைக்கு வந்து, குழாயை விழுங்கி, தம் சதையில் எள்ளளவைக் கொடுத்துச் சென்றனர். கட்டுரையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. நாற்பது என்னும் எண்ணே அவர்களுக்கு உரிய அடையாளம். நூறு மில்லிகிராம் பெற்றோரைவிட அவர்கள் அறிவியலுக்கு அளித்தது குறைவு என்று எவரேனும் கூற இயலுமா?

திருவள்ளுவர் மருந்து என்று தனியோர் அதிகாரம் வகுத்தவர். மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு எனக் கூற வந்தபோது, நோயாளியையே அவர் முதலில் வைத்தார். மருத்துவரும் மருந்தும் உடனிருந்து உதவுவோரும் அதன் பின்னரே வருகின்றனர். அவ்வரிசையின் பொருத்தத்தை இத்தகைய ஆய்வுகள் இன்றும் மெய்ப்பிக்கின்றன. நொதியைக் கண்டவர் உளர். மருந்தை வடித்தவர் உளர். எதிர்ப்பொருளை ஆக்கியவர் உளர். ஆயினும், சான்று எங்கிருந்து வந்தது? நோயுற்றவரின் உடலிலிருந்தே வந்தது.

இசட்.இ.டி. 1227 முழுமையான தீர்வு என்று முழங்குதல் தகாது. 2021ஆம் ஆண்டில் வந்தது இரண்டாம் கட்டத்தின் முடிவு. அதுவும் ஆறு வாரங்களுக்கு, குறிப்பிட்ட அளவு குளூட்டனை எதிர்த்து நின்றதன் முடிவு. டிக்கே காட்டிய உணவுக் கட்டுப்பாடே இந்நோயாளிகளின் முதன்மையான அரண். நாளை இம்மருந்து வெல்லலாம், தோற்கவும் கூடும். தோற்றாலும், எங்கே போய்ச் சேர்ந்தது, எதனைப் பற்றிற்று என்பது தெரிந்த தோல்வியாக அஃது அமையும். அடுத்து வருவோர் இருளில் தடவ வேண்டியதில்லை.

கொடுத்துவிட்டோம் என்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் கடமையின் பகுதியே. மருந்து கொடுப்போர்க்கும், பாடம் கொடுப்போர்க்கும், அன்பு கொடுப்போர்க்கும் இது பொது. அவ்வாறு பார்ப்பதற்குத் தம் உடலையே ஏடாக விரித்துத் தந்த பெயரறியா மனிதர்களை, மாத்திரையை வாயிலிடும் ஒவ்வொரு வேளையும் நினைத்துக்கொள்வது நன்றியுடையோர்க்கு அழகு.